ஒரே நிமிடத்தில் இரண்டு தேசம்

அத்தியாயம் 5

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள."

நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே ரூபேந்திரன் இதைச் சொல்லிவிட்டான். சபாபதி வாயருகே கொண்டுபோன கோப்பியை அப்படியே இறக்கி வைத்தான்.

"ஆளையும் நீங்களே பிடிச்சிட்டீங்க, தீர்ப்பும் நீங்களே எழுதிட்டீங்க. எங்களுக்கு என்ன வேலை? பக்கத்துல நின்னு டார்ச் லைட் அடிக்கணுமா?"

"சபா," என்றாள் டொரத்தி. அந்த ஒரு சொல்லுக்கு வாயை மூடு என்று பொருள். எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இதுவரை பலன் இருந்ததில்லை.

மலேசியாவில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜோகூர் பாருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது டொரத்தியின் துப்பறியும் அலுவலகம். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் மனுக்களைப் படித்துப் படித்து, யாராவது உண்மை பேசினால்தான் சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டவள். சபாபதி அவளுடைய உதவியாளன். முன்பு தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். பஸ்ஸை விற்றுவிட்டான், வாயை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"என்ன திருடு போச்சு தம்பி?"

"என் அக்கவுண்ட்."

"பேங்க் அக்கவுண்டா?"

"கேம் அக்கவுண்ட் மேடம்."

சபாபதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ரூபேந்திரன் அதைப் பார்த்தான். பார்த்தும் கோபப்படவில்லை, அதுதான் டொரத்திக்கு உறைத்தது. கேலிக்குப் பழகிப்போன முகம் அது.

"சிரிங்க அண்ணே, பரவால்ல. புகார் குடுக்கப் போன இடத்துலயும் சிரிச்சாங்க. முப்பத்திரண்டு வயசு எனக்கு. நாள் பூரா ஏர்கான் கம்ப்ரசரத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறுறேன். வீட்டுக்காரங்க வாட்டர் ஹீட்டர்காரனா, ஏர்கான்காரனான்னுகூடப் பாக்க மாட்டாங்க, கதவத் தொறந்துட்டுப் போயிடுவாங்க. இந்த 'இரும்புக் கடல்' கேம்ல நான் கேப்டன். ஒம்பது வருஷமா கட்டுன கப்பல். நான் உருப்படியா வந்தது அது ஒண்ணுலதான் மேடம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு அதை அழிச்சிடுவாங்க."

சபாபதியின் தோள் குலுங்குவது நின்றது. அவன் எழுந்து போய் ரூபேந்திரனுக்கும் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வந்தான்.

ரூபேந்திரன் போனில் கடிதத்தைக் காட்டினான். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தது. உங்கள் கணக்கை வேறொரு நாட்டிலிருந்து இன்னொருவர் பயன்படுத்துகிறார். கணக்கைப் பகிர்வது விளையாட்டைத் திருட்டு நகல் எடுப்பதற்குச் சமம். எழுபத்திரண்டு மணி நேரத்தில் விளக்கம் தராவிட்டால் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும். ஆதாரம் இருந்தால் இணைக்கலாம். கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. டொரத்தி படிப்பதற்குள் ரூபேந்திரன் போனை இழுத்துக்கொண்டான்.

"எந்த நாடு?"

"சிங்கப்பூர். காசு குடுத்து ஒரிஜினல் வாங்கினவன் மேடம் நான். ஒரிஜினல் வாங்கினவனுக்குத்தான் இந்தக் கேடு. தனியா உக்காந்து விளையாடுறதுக்கும் நெட் வேணும். லேப்டாப் மாத்தினா அனுமதி கேட்டு மூணு நாள் நிக்கணும். போன மாசம் அப்டேட்னு ஒண்ணு விட்டு, எந்த நாட்டிலேர்ந்து வர்றேன்னு பாக்குறதுக்குப் புதுசா ஒரு பூட்டுப் போட்டாங்க. அதுலதான் மாட்டினேன். பைரேட் காப்பி வெச்சிருக்கிறவன் ஜம்முன்னு விளையாடுறான். அவனுக்கு ஒரு லெட்டரும் வர்றதில்ல."

"உண்மைதான் லா," என்றான் சபாபதி. "பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பிளாஸ்டிக் பையில கட்டி வித்த சீடியப் போட்டு நானும் விளையாடினேன். ஒரு நாள்கூட எவனும் என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டதில்ல."

"உங்ககூட விளையாடுறவங்க என்ன சொல்றாங்க?" டொரத்தி கேட்டாள்.

ரூபேந்திரன் முகம் சிவந்தது. "குரூப்ல இருநூறு பேர் இருக்கானுங்க. லெட்டர அங்க காட்டின அஞ்சு நிமிஷத்துல, இந்த அங்கிள் அக்கவுண்ட வித்துட்டாருன்னு ஒருத்தன் போட்டான். என்ன நடந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல. என் மூஞ்சிய வெட்டி ஸ்டிக்கர் பண்ணிட்டானுங்க. செத்துப்போன எங்கம்மா வரைக்கும் பேசிட்டானுங்க மேடம். அதுல பாதிப் பேருக்கு நான்தான் கப்பல் ஓட்டவே கத்துக் குடுத்தேன். ஒரே ஒருத்தன்தான் எனக்காகப் பேசினான்."

"யாரு?"

"காளிதாஸ். அவன்தான் மேடம் திருடன்."

டொரத்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

காளிதாஸ் ரூபேந்திரனின் சிநேகிதன். இருவரும் தங்காக்கில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தக் கப்பலுக்கு ரூபேந்திரன் கேப்டன் என்றால் காளிதாஸ் பீரங்கிக்காரன். இரண்டு பேர் கணக்கும் இருந்தால்தான் கப்பல் நங்கூரம் தூக்கும், கேமில் விதி அப்படி. காளிதாஸ் ஜோகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். ரூபேந்திரனின் கல்யாண வாரத்தில் கப்பலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனுக்குப் பாஸ்வேர்டும் கொடுத்தாயிற்று. அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

"சிங்கப்பூர்ல வேலை பாக்குறான், பாஸ்வேர்டு தெரியும். வேற யாரு மேடம்? குரூப்ல எனக்கு சப்போர்ட் பண்ணிப் பேசினதுகூடக் குத்தமுள்ள மனசுதான்."

"உங்களத் திட்டினவன் எல்லாம் நிரபராதி, உங்களுக்காகப் பேசினவன் குற்றவாளி," என்றான் சபாபதி. "நல்லா இருக்கு உங்க கோர்ட்டு."

ரூபேந்திரன் ஒரு தாளை நீட்டினான். கடந்த முப்பது நாளில் எப்போது, எந்த நாட்டிலிருந்து அந்தக் கணக்கு திறக்கப்பட்டது என்ற பட்டியல். டொரத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு வரியில் பென்சிலால் கோடு போட்டாள். இரவு எட்டு நாற்பது, மலேசியா. எட்டு நாற்பத்தொன்று, சிங்கப்பூர்.

"ஒரு நிமிஷத்துல காஸ்வே பாலத்தத் தாண்டி சிங்கப்பூர் போயிருக்கானா!" சபாபதி தலையில் கை வைத்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் நின்னவன் நான். அந்த ஆளப் பிடிச்சா உள்ள தள்ளாதீங்க மேடம், நான் கால்ல விழுந்து வழி கேக்கணும்."

"இன்னொண்ணு பாரு. சிங்கப்பூர் வரி எல்லாமே ராத்திரி எட்டேகாலுக்கு மேல. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒண்ணுமே இல்ல. நாலு வாரமும் இல்ல."

"திருடனுக்கு செவ்வாய் விரதமோ என்னவோ."

மணி பதினொன்றரை. டொரத்தி கைப்பையை எடுத்தாள். "காளிதாஸப் பாத்துட்டு மூணரைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம் தம்பி. அந்த லேப்டாப்பத் தொடாதீங்க."

*

காளிதாஸ் மாசாயில் ஒரு அடுக்குமாடிக்குக் கீழே, மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பகல் பன்னிரண்டரை மணி அவனுக்கு விடியற்காலை. ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு, குரல் மட்டும் தணிந்த குரல். ரூபேந்திரன் அனுப்பினான் என்றதும் எழுந்து நின்று இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ரூபன் எப்படி இருக்கான் மேடம்? ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்குறான். அந்தக் குரூப்ல பேசினதப் படிச்சீங்களா? எவனோ ஒரு சின்னப் பையன், பல்லு முளைக்காதவன், இவன அங்கிள்ங்கிறான். நான் ஏறிட்டேன் அவனுங்க மேல."

"ராத்திரி எட்டரை மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"வேலையில. ஏழு மணிக்கு உள்ள போகணும், போகும்போதே போன லாக்கர்ல வெச்சிடணும். காலையில நாலரைக்குத்தான் கையில குடுப்பாங்க. எந்தச் சூப்பர்வைசரையும் கேளுங்க."

டொரத்தி தலையாட்டினாள். பட்டியலில் இருந்த சிங்கப்பூர் வரிகள் அத்தனையும் காளிதாஸின் போன் லாக்கரில் கிடந்த நேரத்தில்தான் விழுந்திருந்தன.

"செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாயும் வேலைதான். ஏன் மேடம்?"

"சும்மா கேட்டேன்."

காளிதாஸ் விரலைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். "ரூபன்கிட்ட சொல்லாதீங்க. எனக்கும் லெட்டர் வந்திருச்சு. இன்னிக்குக் காலையில ஆறு பன்னிரண்டுக்கு. இமிக்ரேஷன்ல வரிசையில நிக்கிறேன், டிங்னு சத்தம் கேட்டுச்சு. அக்கவுண்ட் லாக். அவனே நொந்துபோய்க் கிடக்கான், இதையும் சேத்துப் போட வேணாம்னு விட்டுட்டேன்."

"அலமாக்!" என்றான் சபாபதி. "ஒரே திருடன் ரெண்டு வீட்டுலயும் புகுந்துட்டானா?"

டொரத்தி அவன் போனை வாங்கிக் கடிதத்தைப் படித்தாள். நிதானமாக, அடி வரைக்கும் படித்தாள். கணக்குப் பகிர்வு, எழுபத்திரண்டு மணி நேரம், நிரந்தர நீக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. வேறு நாடு என்ற பேச்சு மட்டும் எங்கும் இல்லை. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. யாருடன் பகிர்ந்தீர்கள்? விளையாட்டில் உள்ள ஒருவரின் பெயரைக் குறிப்பிடவும். குறிப்பிடுவோரின் கணக்கு மீட்டுத் தரப்படும்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

காரில் ஏறியதும் சபாபதி கேட்டான். "மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு மேடம்? அவன் திருடன் இல்லன்னு தெரிஞ்சிருச்சே, நல்ல சேதிதானே?"

"ரெண்டு லெட்டருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு சபா. அது எனக்குப் பிடிக்கல. முதல்ல அந்தக் கம்பெனியில ஒரு மனுஷன்கிட்ட பேசிப் பாக்கலாம்."

பேசிப் பார்த்தாள். தங்காக்கில் ஒரு துணிக்கடைக்கு மேல் ஆறு வருடம் ஒளிந்திருந்தவனைத் துணி அளக்கும் ஸ்டைலை வைத்தே கண்டுபிடித்தவள் டொரத்தி. மெர்சிங் படகுத்துறையில் பெயரை மாற்றிக்கொண்டு டிக்கெட் கிழித்தவனை ஒரே மத்தியானத்தில் பிடித்தவள். அந்தக் கம்பெனியில் ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. விலாசம் ஏதோ ஒரு தீவு. தொலைபேசி எண் கிடையாது. உதவிக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் மீரா என்ற பெயரில் ஒன்று பேசியது.

உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது, என்றது மீரா.

நீ மனுஷியா என்று டொரத்தி தட்டிக் கேட்டாள்.

நான் உங்களுக்கு உதவவே இருக்கிறேன். விளக்கப் படிவத்தை நிரப்பிவிட்டீர்களா?

படிவத்தில் தப்பு இருக்கிறது, பெரியவர்கள் யாராவது இருந்தால் கூப்பிடு, என்று எழுதினாள். மீரா மறுபடியும் அதே படிவத்தையே அனுப்பியது. பதினோராவது முறை அனுப்பிவிட்டு, இந்த உரையாடல் திருப்தியாக இருந்ததா, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்டது.

"நட்சத்திரம் வேணாம், ஒரு கல்லு குடுங்க மேடம், எறிஞ்சிட்டுப் போலாம்," என்றான் சபாபதி. ஆனால் அவன் குரலிலும் தெம்பு இல்லை. எறிவதற்கு எதிரே ஆள் யாருமில்லையே.

*

ரூபேந்திரனின் வீடு ஸ்தூலாங்கில், கடலைப் பார்த்த பழைய அடுக்குமாடியில் பதினோராவது மாடி. லிப்ட் ஒன்பது வரைதான் வந்தது. சபாபதி மீதி இரண்டு மாடியையும் ஏறிவிட்டு, கம்ப்ரசர் தூக்குகிறவனைப் பார்த்து இனி சிரிக்க மாட்டேன் என்று கதவருகே நின்று சொன்னான்.

மணி மூன்றே முக்கால். லேப்டாப் மேசைமேல் கறுத்த திரையோடு இருந்தது. நடுவில் ஒரு கடிகாரம் மட்டும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி பதினைந்து நிமிடம் மீதி. ரூபேந்திரன் அதன் எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க மேடம், காளிதாஸ் ஒத்துக்கிட்டானா?"

"நான் ஒரு கேள்வி கேக்குறேன். உங்க கேம்ல ஒரே அக்கவுண்ட்ல ரெண்டு பேர் ஒண்ணா இருக்க முடியுமா?"

"முடியாது. ஒருத்தன் வந்தா மத்தவன வெளிய தள்ளிடும்."

"சரி. திருடன் முப்பது நாள்ல இருபது தடவை வந்திருக்கான். அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான், விளையாடிட்டு." அவன் புருவம் சுருங்கியது.

"எத்தனை தடவை வெளிய தள்ளப்பட்டீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல. மழை பிடிச்சா வை-பை ஒரு செகண்ட் போகும், உடனே வந்திரும். அவ்ளோதான்."

அப்போது கதவு திறந்தது. ரூபேந்திரனின் மனைவி யோகேஸ்வரி வந்தாள். சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவள், சனிக்கிழமை அரைநாள். வந்தவர்களைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நேராகப் போய்க் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில், ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் பிறகுதான் கைப்பையை இறக்கினாள்.

டொரத்தி அந்த ஜன்னலையே பார்த்தாள்.

"போன ஏம்மா அங்க வைக்கிறீங்க?"

"சிங்கப்பூர் சிம் மேடம். கிளினிக்ல எந்நேரமும் கூப்பிடுவாங்க. இங்க வெச்சாத்தான் அந்தக் கரையிலேர்ந்து லைன் நேராப் பிடிக்கும், ரோமிங் ஏறாது. இந்த ப்ளாக்ல சிங்கப்பூர் போறவங்க எல்லாரும் அப்படித்தான்."

சபாபதி ஜன்னலில் தலையை நீட்டினான். எதிர் ப்ளாக்கில் மாடிக்கு மாடி, துணி காயும் கம்பிக்குப் பின்னால், விளிம்பில் கைப்பேசிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கடலுக்கு அப்பால் சிங்கப்பூர் கைக்கு எட்டுகிற தூரத்தில் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" டொரத்தி கேட்டாள்.

"செவ்வாய் மட்டும் ராத்திரி கிளினிக். வர்றதுக்குப் பதினொண்ணு ஆயிரும். மத்த நாள் எட்டு, எட்டேகால்."

"சபா, அந்த வை-பை வயரப் பிடுங்கு."

சபாபதி பிடுங்கினான். லேப்டாப்பின் மூலையில் இருந்த குறி ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெயர் வந்தது. யோகேஸ் போன்.

ரூபேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு நாற்பதுக்கு மலேசியா, எட்டு நாற்பத்தொண்ணுக்கு சிங்கப்பூர்," என்றாள் டொரத்தி. "காஸ்வேய யாரும் தாண்டல தம்பி. நாற்காலிய விட்டுக்கூட யாரும் எந்திரிக்கல. வை-பை போச்சு, உங்க மிஷின் ஜன்னல்ல இருக்கிற போனோட நெட்டப் பிடிச்சுது. போன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லைனப் பிடிச்சுது. திருடன் நீங்கதான்."

"நான்தான் என் போன லேப்டாப்போட சேத்து வெச்சேன்," என்றாள் யோகேஸ்வரி மெல்ல. "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மழை வந்தா லைன் போயிரும், இவரு மேசையக் குத்துவாரு. கை வீங்கிப்போன நாளெல்லாம் உண்டு. சொன்னா உன் டேட்டா எதுக்குன்னு வேணாம்னுவாரு. அதான் சொல்லாம விட்டுட்டேன். நான் வேற ஏதாவது கெடுத்துட்டேனாங்க?"

"வை-பைக்காரன் சரி பண்ணிட்டான்னு நினைச்சேன்," என்றான் ரூபேந்திரன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒரு வருஷமா அந்த ஆள வாழ்த்திட்டிருந்தேன்."

"அப்புறம் என்ன லா!" சபாபதி கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இப்படி இப்படின்னு எழுதிப் போடுங்க."

"எழுத இடம் இல்ல சபா," என்றாள் டொரத்தி. "அந்தப் படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான். யாருகூடப் பகிர்ந்தேன்னு ஒரு பேரு போடணும், ஆதாரம் இணைச்சாலும் அந்தப் பேருக்குத்தான். அதுவும் கேம்ல இருக்கிறவன் பேரா இருக்கணும். யாருமில்லன்னு போட வழியே கிடையாது. பேரு குடுத்தா அக்கவுண்ட் திரும்பக் கிடைக்கும்." அவள் ரூபேந்திரன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "காளிதாஸ் பேர எப்பப் போட்டே தம்பி?"

அதுவரை நீங்க என்று பேசியவள் நீ என்றதும் ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

யோகேஸ்வரி சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு வந்த லெட்டர்ல நாடு இல்ல," என்றாள் டொரத்தி. "மிஷின் அவனப் பிடிக்கல. ஒரு ஆள் அவனக் கை காட்டியிருக்கான். எங்கிட்ட வரும்போதே பேரு குடுத்துட்டுத்தான் வந்திருக்கே. உனக்கு உண்மை வேணாம், மனசு உறுத்தாம இருக்க ஒரு ஆதாரம் வேணும். காலையில போன சட்டுனு இழுத்தியே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"சத்தியமா அவன்தான்னு நினைச்சேன் மேடம்." ரூபேந்திரன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "குரூப்ல அத்தனை பேரும் காறித் துப்புறான். கடிகாரம் ஓடிட்டே இருக்கு. யார்கிட்டயாவது சொல்லலாம்னா அந்த மீராதான் வருது. கட்டத்துல ஒரு பேருதான் கேக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு அது. இப்ப எடுத்துடுறேன், இதோ எடுத்துடுறேன்."

அவன் எடுக்கப் பார்த்தான். நாலு பத்திலிருந்து நாலு ஐம்பது வரை பார்த்தான். அனுப்பிய பெயரைத் திருத்தப் பொத்தான் இல்லை. என் புகார் பொய், நான்தான் தவறு செய்தேன், என்று மீராவுக்கு எழுதினான். ஒத்துழைப்புக்கு நன்றி, உங்கள் புகார் ஏற்கப்பட்டுவிட்டது, என்றது மீரா. என் கணக்கை அழித்துவிடு, அவன் கணக்கைக் கொடு, என்று எழுதினான். விளக்கப் படிவத்தை நிரப்பிவிட்டீர்களா என்று கேட்டது. சபாபதி ஒரு தடவை, யோகேஸ்வரி ஒரு தடவை, டொரத்தி இரண்டு தடவை முயன்றார்கள். உண்மை நாலு பேருக்கும் தெரியும். அதைக் கேட்க மறுபக்கம் ஆளே இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது டொரத்தி காளிதாஸைக் கூப்பிட்டாள். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"காளிதாஸ், உங்க படிவத்துல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல மேடம். யார் பேராவது போட்டாத் தொறந்துரும்னு இருக்கு. யார் பேரப் போடுறது? யாரும் எடுக்கலையே. அதான் காலியா விட்டுட்டேன். போனாப் போகுது."

"ஒம்பது வருஷம்."

"ஆமா மேடம். கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக இன்னொருத்தன் வாயில மண்ணப் போட முடியுமா?" காளிதாஸ் பெருமூச்சு விட்டான். "அத விடுங்க. ரூபன் அக்கவுண்ட் என்னாச்சு? திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?"

டொரத்தி போனை ரூபேந்திரனுக்கு நேராக நகர்த்தினாள். "இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

ரூபேந்திரன் போனைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்கும் ஐந்து மணி ஆவதற்கும் சரியாக இருந்தது. லேப்டாப்பில் கடிகாரம் மறைந்தது. சங்கு ஊதி, முரசு அடித்து, 'இரும்புக் கடல்' திறந்தது. விசாரணை முடிந்தது. நல்வரவு கேப்டன். உங்கள் நேர்மைக்கு நன்றி. துறைமுகத்தில் கப்பல் நின்றது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் பீரங்கிக்காரர் இப்போது விளையாட்டில் இல்லை.

அந்தச் சங்கு போனில் கேட்டிருக்க வேண்டும். மறுமுனையில் நாற்காலி சாய்கிற சத்தம் வந்தது.

"ஏய்! அது நம்ம மியூசிக்தானே? தொறந்துருச்சாடா? ரூபா! தொறந்துருச்சா!" காளிதாஸ் கத்தினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்துலதான் இருக்கியா? கப்பல் பத்திரமா இருக்கா? நான் சொன்னேன்ல, உண்மை ஜெயிக்கும்னு. எவன்டா அந்தத் திருட்டுப் பய? சொல்லு, நானே வந்து ரெண்டு வெக்கிறேன்."

சபாபதி எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யோகேஸ்வரி ஜன்னலுக்குப் போய், விளிம்பிலிருந்த தன் கைப்பேசியை எடுத்து அணைத்தாள். ரூபேந்திரனுக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. மேசையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மச்சான்," என்றான்.

"சொல்லுடா," என்றான் காளிதாஸ், இன்னும் சிரித்துக்கொண்டே.